பள்ளிக் கணினியின் திரைக்கு யார் பொறுப்பு?

கொச்சியை ஒட்டிக் காயல் சூழ்ந்து கிடக்கும் கும்பளங்கியை வெளியூர்க்காரர்கள் சீன வலைகளுக்காகவும், நாட்டின் முதல் மாதிரிச் சுற்றுலாக் கிராமம் என்ற பெயருக்காகவும் அறிவார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகள் படிக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் உதவிபெறும் பள்ளிகளுக்கும் இன்னொரு சிறப்பும் உண்டு. கேரளப் பள்ளிக்கல்வியின் கணினிப் பாடம் ஏறத்தாழ முழுவதும் கட்டற்ற மென்பொருளில் நடக்கிறது. 2001ல் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ என்று தொடங்கிய திட்டம் 2017ல் ‘கைட்’ என்ற அரசு நிறுவனமாக மாறியது. உபுண்டு என்னும் லினக்ஸ் தொகுப்பை அடிப்படையாகக் கொண்டு பள்ளிகளுக்கென ஓர் இயங்குதளத்தை அந்த நிறுவனம் தொகுத்து வழங்குகிறது. 2019ல் அதன் 18.04 பதிப்பை வெளியிட்டபோது, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் அது நிறுவப்படும் என்றும், உரிமக் கட்டணமாகப் போயிருக்க வேண்டிய சுமார் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்றும் கைட் மதிப்பிட்டது. பாடநூல் தயாரிப்பு, ஆசிரியர் பயிற்சி, மலையாள எழுத்துருக்கள் என்று இந்த முயற்சியின் பல பக்கங்கள் பேசப்பட்டிருக்கின்றன. பேசப்படாத ஒன்று, மாணவர் கண்ணெதிரே எப்போதும் இருக்கும் திரையை இயக்கும் நிரல். அதில் வரும் பிழைகளைத் திருத்துவதும், அதன் பகுதிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் முறையைச் செம்மைப்படுத்துவதும் எங்கோ இருக்கும் சிலருடைய வேலை என்று நாம் விட்டுவிட்டோம். அது நம் வேலையும்தான் என்பதற்குத் தொழில்நுட்பத்திலேயே காரணங்கள் இருக்கின்றன.

முதலில் அந்த நிரல் என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஒரு மாணவி கணினியில் படம் வரையும் செயலி, உலாவி, ஆவணம் மூன்றையும் திறந்து வைத்திருக்கிறாள். இவற்றில் எதுவும் திரையில் நேரடியாக வரைவதில்லை. ஒவ்வொன்றும் நினைவகத்தில் தனக்கென ஒதுக்கப்பட்ட இடத்தில் தன் படத்தை வரைந்து வைக்கிறது. அவற்றை வாங்கி, எது மேலே, எது கீழே, எது எதை மறைக்கிறது என்று முடிவுசெய்து, ஒரே படமாக்கித் திரைக்கு அனுப்பும் நிரலுக்குக் கம்போசிட்டர் என்று பெயர். பத்திரிகை அலுவலகத்தில் கட்டுரையாளர்கள் தனித்தனியே எழுதித் தருவதைப் பக்க வடிவமைப்பாளர் ஒரே பக்கமாக அடுக்குவது போன்ற வேலை. வித்தியாசம் வேகத்தில் இருக்கிறது: சாதாரணத் திரையில் ஒரு விநாடிக்கு 60 முறை, அதாவது ஒவ்வொரு 16.7 மில்லிவிநாடிக்கும் ஒரு புதிய பக்கம் தயாராக வேண்டும். தவறினால் படம் திக்கும். பாதி பழையதும் பாதி புதியதுமாக வந்தால் திரை கிழிந்ததுபோல் தெரியும். விசைப்பலகையிலும் சுட்டியிலும் நிகழ்வது எந்தச் செயலிக்குப் போக வேண்டும் என்று முடிவுசெய்வதும் இதே நிரல்தான்.

லினக்ஸ் உலகில் இந்த வேலையை நெடுங்காலம் செய்துவந்தது எக்ஸ் என்னும் அமைப்பு. 1984ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பிறந்து, 1987ல் பதினோராம் பதிப்பை எட்டி, அந்த எண்ணிலேயே நின்றுவிட்டது. அதற்கு மாற்றாக 2008ல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் என்ற நிரலாளர் தொடங்கியது வேலண்ட். செயலிகளும் கம்போசிட்டரும் தமக்குள் எந்த மொழியில் எந்த வரிசையில் பேச வேண்டும் என்ற நெறிமுறைதான் வேலண்ட். 2012ல் அதன் 1.0 பதிப்பு வந்தது. அந்த நெறிமுறைப்படி இயங்கும் கம்போசிட்டரை அடியிலிருந்து எழுதுவது பெரும் உழைப்பு. ஆகவே எல்லோருக்கும் பொதுவான பகுதிகளை ஒரு லைப்ரரியாக, அதாவது பிற நிரல்கள் எடுத்தாளக்கூடிய தொகுப்பாக எழுதிவைக்கிறார்கள். க்னோம் மேசைத்தளத்துக்கு மட்டர் என்ற தொகுப்பு இருக்கிறது. சிறிய குழுக்களுக்குப் பயன்படும்படி 2017ல் டபிள்யூஎல்ரூட்ஸ் உருவானது. ஸ்வே, வேஃபயர், லேப்டபிள்யூசி போன்ற கம்போசிட்டர்கள் அதன்மேல் எழுந்தவை. உபுண்டுவின் க்னோம் மேசைத்தளம் 2025 அக்டோபரில் வந்த 25.10 பதிப்பில் பழைய எக்ஸ் அமர்வை முற்றிலும் கைவிட்டது. உபுண்டுவை ஒட்டிச் செல்லும் எந்தப் பள்ளித் திட்டமும் இந்த மாற்றத்துக்கு வெளியே நிற்க முடியாது.

இங்கே நான் சொல்ல வருவது இதுதான்: திரையில் தெரியும் பிழைகளில் மிகவும் பிடிவாதமானவை, எந்த ஒரு நிரலின் தவறாலும் வருவதில்லை. இரண்டு நிரல்கள் சந்திக்கும் இடைமுகத்தில், ஒன்று சொல்ல வேண்டியதைச் சொல்ல வழியில்லாமல் போவதால் வருகின்றன. அப்படிப்பட்ட பிழையை ஒரு பக்கத்தில் மட்டும் திருத்தினால் அது ஒட்டுப்போட்டதாகவே இருக்கும். இடைமுகத்தையே செம்மைப்படுத்தினால்தான் தீரும். எழுத்து மங்கலாகத் தெரிந்த கதையைப் பாருங்கள். நெருக்கமான புள்ளிகள் கொண்ட மடிக்கணினித் திரையில் எல்லாம் பொடியாகத் தெரிவதால் ஒன்றரை மடங்கு பெரிதாக்கச் சொல்கிறோம். வேலண்டின் தொடக்க இடைமுகத்தில் பெரிதாக்கும் அளவை முழு எண்ணாக மட்டுமே சொல்ல முடிந்தது. ஒன்றரை என்று சொல்ல வழியில்லாததால் செயலி இரண்டு மடங்காக வரைந்து கொடுக்கும். கம்போசிட்டர் அதைச் சுருக்கிக் காட்டும். சுருக்கும்போது விளிம்புகள் மங்கும். ஆங்கிலத்தின் நேர்கோட்டு எழுத்துகளைவிட, சுழிகளும் வளைவுகளும் நிறைந்த மலையாளத்துக்கும் தமிழுக்கும் இதில் இழப்பு அதிகம். வரைய வேண்டிய புள்ளிகளும் தேவையைப்போல் ஏறத்தாழ 1.78 மடங்காகின்றன, வலுக்குறைந்த பள்ளிக் கணினிக்கு அது வீண்சுமை. செயலி எழுதுபவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் தன் பக்கத்திலிருந்து இதைத் தீர்க்க முடியாது. 2022 நவம்பரில் நெறிமுறையில் ஒரு சிறு சேர்க்கை வந்தது: பெரிதாக்கும் அளவை 120ன் பங்குகளாகச் சொல்லலாம். ஒன்றேகால் என்றால் 150, ஒன்றரை என்றால் 180. பல ஆண்டுப் புகார்களுக்கான தீர்வின் திறவுகோல் இப்படியொரு சின்ன எண்ணாக அமைந்தது.

என்விடியா அட்டை பொருத்திய கணினிகளில் திரை மினுமினுத்த சிக்கலும் இதே பாடத்தைச் சொல்கிறது. செயலி ஒரு படத்தை வரையச் சொல்லி வரைகலை அட்டைக்குக் கட்டளை இடுகிறது; அட்டை வரைந்து முடிப்பதற்குள்ளேயே படம் இருக்கும் இடத்தைக் கம்போசிட்டரிடம் ஒப்படைத்துவிடுகிறது. வரைந்து முடிந்ததா என்பதைப் பிற நிறுவனங்களின் இயக்கிகள், அதாவது அட்டையை இயக்கும் நிரல்கள், லினக்ஸ் கருவின் வழியாக மறைமுகமாகத் தெரிவித்தன. என்விடியாவின் இயக்கி அந்த வழக்கத்தைப் பின்பற்றவில்லை. விளைவு, முடிவடையாத படமோ பழைய படமோ திரையில் எட்டிப் பார்த்து மறைந்தது. கம்போசிட்டர்காரர்கள் இயக்கியைக் குறைசொன்னார்கள். இயக்கிக்காரர்கள் அந்த மறைமுக ஏற்பாட்டையே குறைசொன்னார்கள். பயனர்கள் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். 2024ல், வேலை எப்போது முடிகிறது என்பதற்கான அடையாளத்தைச் செயலி வெளிப்படையாகவே கம்போசிட்டரிடம் தருவதற்கான நெறிமுறை ஏற்கப்பட்டது. அதற்கேற்பக் கம்போசிட்டர்களும், பழைய செயலிகளுக்குப் பாலமாக நிற்கும் எக்ஸ்வேலண்டும், என்விடியாவின் 555 வரிசை இயக்கியும் மாறின. நால்வர் ஒரே மேசையில் உட்கார்ந்து ஓர் ஒப்பந்தத்தை எழுதிய பிறகே மினுமினுப்பு அடங்கியது.

மூன்றாவது சான்று நம் விரல்நுனியில் இருப்பது. தமிழ்99 விசைப்பலகையில் ‘க’ விசையை இரண்டு முறை அழுத்தினால் ‘க்க’ வரும். முன்பே தட்டிய எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். அதாவது, உள்ளீட்டு நிரல் ஏற்கெனவே தந்த எழுத்தைத் திரும்பிப் போய் மாற்ற வேண்டும். மலையாளத்தில் ஸ்வனலேகா போன்ற ஒலிபெயர்ப்பு முறைகளும் அப்படித்தான், தட்டத் தட்ட முந்தைய எழுத்தை மாற்றிக்கொண்டே போகின்றன. வேலண்டில் எந்த நிரலும் இன்னொன்றின் விசைகளைத் தன்னிச்சையாகப் பிடிக்க முடியாது என்பதால், இந்தப் பேச்சு முழுவதும் கம்போசிட்டர் வழியாகவே நடக்கிறது. அதற்கான எழுத்து உள்ளீட்டு நெறிமுறையில் ‘இத்தனை நீளம் அழி’ என்று சொல்லும் செய்தி உண்டு. நீளத்தை எழுத்துக் கணக்கில் சொல்வதில்லை, பைட் கணக்கில் சொல்கிறார்கள். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழிலும் மலையாளத்திலும் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். ‘கு’ என்ற ஒரே எழுத்து இரண்டு குறியீடுகள் சேர்ந்து ஆறு பைட். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்க்கும் நிரலாளர் எழுத்தும் பைட்டும் ஒன்றே என்று நினைத்துக் கணக்கிட்டால், அவர் மேசையில் எல்லாம் சரியாக ஓடும். அதே நிரல் நம் மேசையில் எழுத்தின் நடுவில் வெட்டும். சுற்றியுள்ள உரையை அனுப்பும் செய்திக்கு 4,000 பைட் வரம்பு உண்டு. ஆங்கிலத்தில் அது 4,000 எழுத்து. தமிழில் 1,333 குறியீடுகள் மட்டுமே. எங்கே வெட்டுவது என்பது நமக்கு மும்மடங்கு சீக்கிரமாக எழும் கேள்வி.

இதே நெறிமுறையில் நல்ல இடைமுகம் எப்படி இருக்கும் என்பதற்கும் எடுத்துக்காட்டு இருக்கிறது. வேகமாகத் தட்டும்போது, உள்ளீட்டு நிரலின் பதில் வந்து சேர்வதற்குள் செயலியின் நிலை மாறியிருக்கலாம். அப்போது பழைய நிலைக்குச் சொன்ன பதிலைப் புதிய நிலைக்குரியதென்று எண்ணிவிடும் ஆபத்து உண்டு. இதற்காகச் செயலி தன் நிலையை அனுப்பும் ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை ஒன்று கூடுகிறது. கம்போசிட்டரின் பதில் தான் எந்த எண் வரை பார்த்தது என்பதைச் சுமந்து வருகிறது. எண்கள் பொருந்தாவிட்டால் அது காலங்கடந்த பதில் என்று செயலிக்குத் தெரிந்துவிடும். ஆயினும் இந்த நெறிமுறையின் மூன்றாம் பதிப்பு ஆண்டுகள் பல கடந்தும் ‘நிலைபெறாதது’ என்ற பட்டியலிலேயே கிடக்கிறது. உள்ளீட்டு நிரலோடு பேசுவதில் க்னோம் ஐபஸ் என்னும் உள்ளீட்டுக் கட்டமைப்பை நேரடியாகப் பயன்படுத்துகிறது. கேடிஈ மேசைத்தளம் அதற்கான நெறிமுறையின் ஒரு பதிப்பையும், டபிள்யூஎல்ரூட்ஸ் வழிவந்தவை இன்னொரு பதிப்பையும் பின்பற்றுகின்றன. ஒரே தமிழ் விசைப்பலகை மூன்று மேசைத்தளங்களில் மூன்று விதமாக நடந்துகொள்வதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் தட்டுபவருக்கு இது பெரிதாக வலிப்பதில்லை. வலிப்பவர்கள் சீன, ஜப்பானிய, கொரிய, இந்திய மொழிக்காரர்கள்.

இடைமுகத்தை மாற்றுவதே தவறு என்று வாதிடுவோர் உண்டு. எக்ஸ் நாற்பதாண்டுகள் ஓடியது. ஓடுகிற வண்டியை எதற்குப் பிரிக்க வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. உபுண்டு 2017ல் வேலண்டை இயல்பான தேர்வாக்கி, அடுத்த ஆண்டின் 18.04 பதிப்பிலேயே எக்ஸுக்குத் திரும்பியது. மீண்டும் வேலண்டுக்கு வர 2021 ஆயிற்று. திரையைப் பகிர்தல், பார்வையற்றோருக்கான திரைவாசிப்பான் போன்றவற்றில் புதிய அமைப்பு நெடுநாள் பின்தங்கியிருந்தது. இவற்றை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எக்ஸின் குறைகள் ஒட்டுப்போட்டுத் தீர்க்கக்கூடியவையாக இல்லை என்பதும் அதே அளவு உண்மை. அதில் ஒரு சாளரத்தில் தட்டும் கடவுச்சொல்லை இன்னொரு செயலி ஒட்டுக்கேட்க முடியும். பிற சாளரங்களின் படத்தையும் எடுக்க முடியும். இதைப் பிழை என்றுகூடச் சொல்ல முடியாது; இடைமுகம் அப்படித்தான் அனுமதிக்கிறது. அனுமதியை நீக்கினால் பழைய செயலிகள் முறியும். வைத்திருந்தால் பாதுகாப்பு இல்லை. நிலைத்தன்மை விலைமதிப்புள்ளதுதான். தவறான இடைமுகம் நிலைத்துவிட்டால் அந்தத் தவறும் சேர்ந்து நிலைக்கிறது என்பதுதான் அதன் விலை.

இதைவிடக் கூர்மையான எதிர்ப்பு ஒன்று உண்டு. டபிள்யூஎல்ரூட்ஸ் இன்னும் 1.0ஐ எட்டவில்லை, ஒவ்வொரு வெளியீட்டிலும் இடைமுகம் ஓரளவு மாறுகிறது, அதை நம்பி எழுதும் சிறு குழுக்கள் ஒவ்வொரு முறையும் தம் நிரலைத் திருத்த வேண்டியிருக்கிறது. கேட்பதற்குப் பொறுப்பின்மைபோல் தோன்றும். இங்கே இரண்டு இடைமுகங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். செயலிகளோடு பேசும் வேலண்டின் அடிப்படை நெறிமுறை 2012க்குப் பிறகு உடைக்கப்படவில்லை. புதியவை பதிப்பு எண்ணோடு சேர்க்கப்படுகின்றன. பழைய செயலிகள் பழைய எண்ணிலேயே ஓடும். மாறுவது லைப்ரரிக்கும் கம்போசிட்டர் எழுதுபவருக்கும் இடையிலான உள்வாசல். அந்த மாற்றத்துக்குப் பயனும் இருக்கிறது. திரையில் எந்தப் பகுதி மாறியது என்று கண்காணித்து அதை மட்டும் மறுபடி வரைவது சிக்கலான கணக்கு; முன்பு ஒவ்வொரு கம்போசிட்டரும் அதைத் தானே செய்து, தனித்தனியே பிழை செய்தது. 2021ன் இறுதியில் வந்த பதிப்பு, காட்சியின் பகுதிகளை மரம்போல் அடுக்கித் தந்தால் கணக்கை லைப்ரரியே பார்த்துக்கொள்ளும் புதிய இடைமுகத்தைத் தந்தது. அதேபோல, திரை அமைப்பில் செய்யவிருக்கும் மாற்றங்கள் முன்பு அந்தத் திரைக்குரிய பொருளுக்குள்ளேயே மறைவாகச் சேர்ந்துகொண்டிருந்தன. நிரலின் ஒரு மூலையில் தொடங்கிய பாதி மாற்றம் இன்னொரு மூலையில் எதிர்பாராமல் அமலாகிவிடும். பின்னர் மாற்றங்களைத் தனிப் பட்டியலாக எழுதி, முதலில் சோதித்து, பிறகு ஒரே வீச்சில் ஒப்படைக்கும்படி அது மாற்றப்பட்டது. எழுதியவர்களுக்கு ஒருமுறை வேலை. ஒரு வகைப் பிழை முழுவதும் எழ இடமில்லாமல் போயிற்று.

இதன் பலன் மலிவான கணினிகளுக்கே முதலில் போய்ச் சேர்கிறது. கேரளம் 2015ல் எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு ராஸ்பெரி பை என்னும் கையடக்கக் கணினியை வழங்கியது பலருக்கு நினைவிருக்கலாம். அந்தக் கணினிக்கான இயங்குதளம் 2023 அக்டோபரில் வேலண்டுக்கு மாறியபோது, வேஃபயரை இயல்பாக்கியது புதிய மாடல்களில் மட்டுமே. பழையவை எக்ஸில் விடப்பட்டன. வேஃபயரின் வளர்ச்சி அந்தச் சிறு கணினியின் வரைகலைத் திறனோடு பொருந்தாத திசையில் போவதாக அதன் தயாரிப்பாளர்கள் கண்டார்கள். எளிமையான லேப்டபிள்யூசியோடு சேர்ந்து வேலைசெய்து, 2024 அக்டோபரில் பழைய மாடல்கள் உட்பட எல்லாவற்றையும் அதற்கு மாற்றினார்கள். இரண்டுமே டபிள்யூஎல்ரூட்ஸ் மீது கட்டப்பட்டவை என்பதைக் கவனிக்க வேண்டும். அடித்தளம் பொதுவாக இருந்ததும், மூலத்தில் போய்த் திருத்தம் செய்ய ஆள் இருந்ததும் சேர்ந்தே பழைய கணினிகளுக்கு வாழ்வு தந்தன. பத்தாண்டுப் பழைய கணினியையும் ஓடவைக்க வேண்டியிருக்கும் நம் பள்ளிகளுக்கு இதில் பாடம் இருக்கிறது.

இதற்கெல்லாம் ரெட்ஹாட், கொலாபோரா, வால்வ் போன்ற நிறுவனங்கள் ஆள் வைத்திருக்கின்றனவே, ஒரு மாநில அரசு எதற்குச் செலவழிக்க வேண்டும் என்று கேட்கலாம். 3,000 கோடி மிச்சம் என்பதே, எல்லா உரிமங்களையும் வாங்கியிருப்போம் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்குதானே என்றும் கேட்கலாம். கணக்கை எவ்வளவு தள்ளுபடி செய்தாலும், நான்கைந்து பொறியாளர்களின் ஆண்டுச் சம்பளம் அதில் கண்ணுக்குத் தெரியாத துளி. நிறுவனங்கள் பற்றிய கேள்விக்கு மேலே கண்ட சான்றுகளே பதில். மினுமினுப்பு தீர்ந்தது, அது விளையாட்டுப் பிரியர்களையும் விலையுயர்ந்த அட்டை வாங்கியவர்களையும் தொட்டதால். மங்கல் தீர்ந்தது, அது எல்லா மொழிக்காரர் கண்ணையும் உறுத்தியதால். ‘கு’வின் நடுவில் வெட்டும் பிழை யாருடைய வாடிக்கையாளரையும் இழக்கச் செய்யாது. நிறுவனங்கள் தமக்கு வலிக்கும் இடத்தைத்தான் திருத்தும். அதில் குற்றம் சொல்ல எதுவுமில்லை. நமக்கு மட்டும் வலிக்கும் இடத்தை நாம்தான் திருத்த வேண்டும். கைபேசி வந்த பிறகு மேசைக்கணினியைப் பற்றி என்ன கவலை என்பாரும் உண்டு. ஆண்ட்ராய்டிலும் ஒரு கம்போசிட்டர் இருக்கிறது. ஆனால் அதன் இடைமுகத்தை முடிவுசெய்வது ஒரே நிறுவனம். பொதுப்பணத்தில் நடக்கும் வகுப்பறைக்கு, நாமும் கைவைக்கக்கூடிய இடைமுகமே பொருத்தம்.

இதற்கான அடித்தளம் தென்னிந்தியாவில் இல்லாமல் இல்லை. ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனின் இந்தியச் சகோதர அமைப்பு 2001ல் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்டது. சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவின் தன்னார்வலர்கள் எழுத்துருவிலும் உள்ளீட்டிலும் மூல நிரல்வரை போய்த் திருத்தம் செய்தவர்கள். சென்னையில் சி-டாக் நிறுவனம் பாஸ் லினக்ஸைத் தொகுத்தது. தமிழக அரசின் இலவச மடிக்கணினிகளில் அதுவும் இடம்பெற்றது. தமிழும் மலையாளமும் கொங்கணியும் குஜராத்தியும் ஒரே தெருவில் கேட்கும் மட்டாஞ்சேரி போன்ற இடம், விசைப்பலகைகளை மாற்றி மாற்றிச் சோதிக்க உலகில் எளிதில் கிடைக்காத களம். சோதிப்பதற்குப் பெரிய ஆய்வகம் வேண்டாம். வேலண்டில் ஒரு சிறு அமைப்பை இயக்கிவிட்டுச் செயலியைத் திறந்தால், அதற்கும் கம்போசிட்டருக்கும் இடையே போகும் ஒவ்வொரு செய்தியும் வரிவரியாக அச்சாகும். எந்த விசைக்குப் பிறகு எந்தச் செய்தி தவறான நீளத்தோடு போனது என்பதைப் பாலிடெக்னிக் மாணவரே சுட்டிக்காட்டிவிடலாம். அப்படிச் சுட்டப்பட்ட பிழை பாதி தீர்ந்த பிழை.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவாக இருக்கின்றன. கைட்டும் சி-டாக்கும், தாங்கள் தொகுக்கும் இயங்குதளத்தின் ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் முன்னால், தமிழ், மலையாள உள்ளீட்டுக்கான சோதனைத் தொகுப்பை எழுதிப் பொதுவில் வைக்க வேண்டும். கண்ட பிழைகளைத் தம் பதிப்பில் மட்டும் மறைத்துவிடாமல், மட்டருக்கும் டபிள்யூஎல்ரூட்ஸுக்கும் நெறிமுறைக் குழுவுக்கும் திருத்தமாகவே அனுப்ப வேண்டும். பொறியியல் கல்லூரிகள் இறுதியாண்டுத் திட்டப்பணிகளில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கலாம். ஏற்கப்பட்ட ஒரு திருத்தம், அலமாரியில் தூங்கும் பத்துத் திட்ட அறிக்கைகளைவிட மேல். எழுத்து உள்ளீட்டு நெறிமுறை ‘நிலைபெற்றது’ என்ற பட்டியலுக்கு ஏறும்முன், அதன் வாசகத்தை எழுதும் மேசையில் நம் ஆட்கள் இருக்க வேண்டும். ஏறிய பிறகு மாற்றுவது எவ்வளவு கடினம் என்பதற்கு எக்ஸின் வரலாறே சாட்சி.